இப்பொழுது என்ன பாட்டுக் கேட்கிறீர்கள்?

இருவர் வழியிற் சந்தித்தால் முதலில் மழையைப் பற்றியும் அடுத்து விலைவாசியைப் பற்றியும் பேசுவது நம்மவர் வழக்கம். சில கிழமைகளாக நாம் அவ்வழக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, தொண்டைமானாற்றிலே கண்டவரையெல்லாம், "இப்பொழுது என்ன பாட்டுக் கேட்கிறீர்கள்?" என்று வினவி வருகின்றோம். வினா எளியது. விடை கூறுவோர் முகத்திலே தோன்றும் மலர்ச்சியோ எளிதிற் காணக் கிடைப்பதன்று. விலைவாசியைப் பற்றிப் பேசும்போது அம்மலர்ச்சியை நாம் ஒருநாளும் கண்டதில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், என். சி. வசந்தகோகிலத்தின் பாடல்களைத் தேடித் தேடிக் கேட்பதாகக் கூறினார். 1951ஆம் ஆண்டிலே இளவயதில் மறைந்துவிட்ட அப்பாடகியாரை அவர் நேரிலே கேட்டதில்லை. தந்தையார் வைத்திருந்த இரண்டு இசைத்தட்டுக்களே அவருக்கு அறிமுகம். தட்டுக்கள் இன்றில்லை, பாடல்கள் அவருடைய கைத்தொலைபேசியில் இருக்கின்றன. கடற்றொழில் செய்யும் அன்பர் ஒருவர், நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசைப் பாடல்களை விட்டால் தமக்கு வேறு சங்கீதம் இல்லையென்று அடித்துக் கூறினார். அவற்றைக் கேட்டால் காலிலே தாளம் தானாகப் பிறக்கிறதாம். நாமும் அதை மறுக்கத் துணியவில்லை.

பல்கலைக்கழக மாணவி ஒருத்தியின் விடை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. மாதங்கி அருட்பிரகாசம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கலா' என்னும் தொகுதியை அவள் கேட்டு வருகிறாள். 'எம். ஐ. ஏ.' என்ற பெயராலே உலகம் அறிந்த இப்பாடகியார் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, போர்க்காலத்திலே அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். 2005இல் வந்த முதற்றொகுதிக்குத் தந்தையார் பெயரையும், அடுத்ததற்குத் தாயார் பெயரையும் இட்டார். அந்த இரண்டாந் தொகுதியிலே சென்னையிற் பதிவு செய்யப்பெற்ற உறுமி ஒலிக்கின்றது. "அந்த மேளத்துக்காகத்தான் கேக்கிறன்" என்றாள் மாணவி. அருகிலிருந்த அவளுடைய அம்மம்மா, "உது பாட்டோ பிள்ளை? மேளத்தைக் களவெடுத்துக்கொண்டு போய் இங்கிலீசிலை கத்துகினம்" என்றார். ஆயினும் பாட்டு முடியும்வரை அவர் எழுந்து செல்லவில்லை என்பதை நாம் கவனித்துக் கொண்டோம்.

செல்வச்சந்நிதி முருகன் வீதியில் நிற்பவரிடம் இவ்வினாவை வினவ வேண்டிய தேவையே இல்லை. டி. எம். சௌந்தரராசனும் சீர்காழி கோவிந்தராசனும் பாடிய முருகன் பாடல்களை ஒலிபெருக்கி எல்லோருக்குமாகத் தேர்ந்து வைத்திருக்கிறது. உள்ளேயோ, பூசகர் வெண்துணியால் வாயைக் கட்டி மௌனமாகப் பூசை செய்கிறார். அந்த மௌனத்துக்கும் இந்த இசைக்கும் நடுவே நின்று கேட்பது தனியோர் இன்பம். ஒலிபெருக்கியின் ஓசையைச் சற்றுக் குறைத்தால் அவ்வின்பம் மிகும் என்பது நம் தாழ்மையான கருத்து.

'தொகுதி' என்று நாம் குறிப்பிடுவதை இளைஞர் 'அல்பம்' என்கின்றனர். புகைப்படங்களை ஒட்டி வைக்கும் புத்தகத்துக்கும் பாட்டுத் தொகுதிக்கும் ஒரே பெயர் வந்ததேன் என்று மாணவர் சிலர் வினவினர். காரணம் உண்டு. பழைய கிராமபோன் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது, பத்தங்குல அகலமுள்ளது, ஒரு பக்கத்திலே ஏறத்தாழ மூன்று நிமிட இசைக்கே இடமுண்டு. நெடிய இசை வேண்டுமாயின் பல தட்டுக்கள் வேண்டும். அத்தட்டுக்களை உறைகளில் இட்டுப் புத்தகம்போலக் கட்டி விற்றனர், அப்புத்தகமே அல்பம். 1948ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கொலம்பியாக் கொம்பனி, ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஒலிக்கும் நீள்தட்டை வெளியிட்டது. புத்தகம் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. இன்று தட்டும் இல்லை, நாடாவும் இல்லை. பெயர் இன்னும் இருக்கின்றது.

அந்த மூன்று நிமிடம் நம் இசைக்குச் செய்தது சிறிதன்று. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை கோயில் வீதியிலே தோடியை எடுத்தால் நேரம் போவதை எவரும் அறியார் என்பர். அந்தத் தோடியைத் தட்டின் பக்கங்களுக்குள்ளே அடக்க வேண்டியதாயிற்று. இச்சுருக்கத்தால் இசை குறைவுற்றது என்போர் உளர். நாம் முற்றிலும் உடன்படோம். அவருடைய கச்சேரிக்குச் செல்ல வழியில்லாத எத்தனையோ ஊர்களிலே தோடி என்றால் இன்னதென்று காட்டியவை அத்தட்டுக்களே அல்லவா? குறுகிய வாயிலாயினும் வாயில் வாயில்தான்.

பிறகு வானொலி வந்தது. 1939ஆம் ஆண்டிலே திருச்சிராப்பள்ளி நிலையம் தொடங்கியபின், பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த கச்சேரிகளை வடமராட்சிக் கரையிலே கேட்க முடிந்தது. காற்று ஒருபக்கமாகவே வீசவில்லை. 1950ஆம் ஆண்டிலே இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டளவில் இந்திய வானொலி திரைப்பாடல்களைப் புறக்கணிக்கவே, தமிழ்நாட்டார் கொழும்பின் பக்கம் செவியைத் திருப்பினர். எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் அங்கே வீட்டுக்கு வீடு அறிமுகமாயிற்று. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளை எண்ணிப் பாருங்கள். அஞ்சலட்டை ஒன்றிலே பாட்டின் பெயரை எழுதி, அதன்கீழே வீட்டிலுள்ளோர் பெயர்களையெல்லாம் நிரப்பி அனுப்புவர். அப்பாட்டை அவர்கள் முன்னரே நூறு முறை கேட்டிருப்பர். மீண்டும் கேட்பதன்று அவர்தம் நோக்கம். தாம் விரும்பிய பாட்டை ஊரெல்லாம் கேட்கவேண்டும், அது தம் விருப்பமென்று ஊர் அறியவேண்டும்.

எழுபது எண்பதுகளிலே யாழ்ப்பாணத்தில் 'றெக்கோடிங் பார்' என்னும் கடைகள் தோன்றின. பெயரைக் கேட்டு அஞ்சவேண்டா. அங்கே மதுவகை இல்லை. ஒரு வெற்றுக் கசெற்றும் பாடல்களின் பட்டியலும் கொடுத்தால், கேட்ட வரிசையிலே பதிந்து தருவர். அறுபது நிமிடக் கசெற்றிலே பக்கத்துக்கு ஆறேழு பாடல்கள் அடங்கும். ஆதலின் எதை ஏற்றுவது, எதை விடுவது என்பதிலே வீட்டில் பெரும் வழக்கு நடக்கும். பட்டியல் எழுதுவது ஒரு கலையாகவே இருந்தது. சோகப் பாட்டுக்குப் பின் எது வரவேண்டும், பக்கத்தின் இறுதியிலே பாட்டு அறுபடாதிருக்க எது பொருந்தும் என்றெல்லாம் ஆராய்வர். ஒருவர் எழுதிய பட்டியலை நண்பர் பிரதி செய்வதும், "உன்ரை கசெற்றிலை இருக்கிற அந்தப் பாட்டு" என்று கேட்டு வருவதும் அன்றாட நிகழ்ச்சிகள். தொகுதியைக் கொம்பனி வெளியிடும் என்ற நியதி அங்கே இல்லை. ஒவ்வொரு வீடும் தன் தொகுதியைத் தானே வெளியிட்டது.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே மின்சாரம் நின்றது. குடாநாட்டுக்குச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிலே மின்கலமும் இருந்தது. 'பற்றறி' இல்லையேல் வானொலிப் பெட்டி வெறும் பெட்டி. ஐந்தாண்டுகளுக்கும் மேலாக மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்து, ஜாம் போத்தல் விளக்கின் கீழே பிள்ளைகள் படித்த காலம் அது. அக்காலத்திலே பாட்டு எங்ஙனம் ஒலித்தது என்பதை இன்றைய மாணவர் அறியவேண்டும்.

சைக்கிளின் விளக்குக்கு மின்சாரம் தரும் சிறிய டைனமோ ஏறத்தாழ ஆறு வோல்ற்று அழுத்தம் தருவது. ஒன்றரை வோல்ற்று மின்கலம் நான்கினை வரிசையாக இட்டாலும் ஆறு வோல்ற்றே. நான்கு மின்கலம் வேண்டும் வானொலிக்கு ஒரு டைனமோ ஈடாகும் என்பதை யாரோ கண்டுகொண்டனர். டைனமோவிலிருந்து வருவது மாறுதிசை மின்னோட்டம். அதனை நேரோட்டமாக்கப் பழைய கருவிகளிலிருந்து கழற்றிய டயோட்டுக்களை இணைத்தனர். சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் உழக்க, சில்லுச் சுழல, செய்தியும் பாட்டும் வந்தன. "செய்தியெண்டால் அப்பா உழக்குவார், பாட்டெண்டால் நாங்கள் உழக்கவேணும். கால் களைச்சால் பாடுறவருக்கும் களைச்சுப்போம்" என்று அக்காலத்திலே சிறுவனாக இருந்த ஒருவர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். கசெற்றுப் பெட்டியிலே உழக்கும் வேகம் தளர்ந்தால் பாடகரின் குரல் தடித்து இழுபடும். மீண்டும் விசைகொண்டு உழக்கினால் அவர் உயிர்பெற்று எழுவார். ஒருவர் உழக்கும் பாட்டை அவர் மட்டும் தனித்துக் கேட்டார் என்று நாம் எவரிடமும் கேள்விப்பட்டதில்லை. அயலார் முற்றத்தில் வந்து அமர்ந்தனர்; முறைவைத்து உழக்கினர். எந்தப் பாட்டு அவ்வுழைப்புக்குத் தகுதியுடையது என்பதிலே விவாதமும் நடந்தது. இசை விமரிசனத்தில் இதனினும் கடுமையான தேர்வு வேறு உண்டோ என்று நமக்குத் தெரியவில்லை.

இவ்வாறு காப்பாற்றப்பட்ட நாடாக்கள் இன்று எங்கே? 1987ஆம் ஆண்டு வடமராட்சியிலே நடந்த போரிலும் அதன்பின் வந்த இடப்பெயர்வுகளிலும் அழிந்தவை போக, எஞ்சியவை அலுமாரிகளின் அடித்தட்டிலே கிடக்கின்றன. அண்மையில் ஒரு வீட்டிலே நாம் கண்டதைச் சொல்லவேண்டும். கனடாவிலுள்ள மகள், தன் பேரனார் தேவாரம் பாடிய கசெற்றைத் தேடி அனுப்பும்படி தாயாரைக் கேட்டிருந்தாள். தாயார் இரண்டு நாள் தேடி எடுத்தார். மேலே ஒன்றும் எழுதப்படவில்லை. ஓடவிட்டபோது முதலிலே திரைப்பாடல் ஒன்று. அதனை அடுத்து மற்றொன்று. முதற்பக்கம் முழுவதும் அவ்வாறே. மறுபக்கத்தின் இறுதியிலேதான், மேற்பதிவு எட்டாத சிறுதுண்டிலே, முதியவர் ஒருவரின் குரல் ஓரடியைப் பாடி, இருமி, "நிப்பாட்டு தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் பாடுறன்" என்று கூறியது. அவ்வளவே. தாயார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அப்பு தண்ணி குடிச்சிட்டு வந்து பாடினவர். நான் பக்கத்திலை இருந்தனான். அதுதான் இதிலை இல்லை" என்றார். அத்துண்டைத் தொலைபேசியிலே பதிந்து அன்றிரவே மகளுக்கு அனுப்பினர். அவ்வீட்டிலே இப்பொழுது விரும்பிக் கேட்கப்படுவது அதுவே.

வீட்டுக்கு நேர்ந்தது நாட்டுக்கும் நேரக்கூடியது. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தார். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரத்தைக் கேட்டு வளர்ந்தோர் இன்றும் நம்மிடையே உளர். இவர்கள் வாசித்தது கோயில் வீதிகளிலே, விடிய விடிய. இராசரத்தினம் பிள்ளைக்குத் தட்டு வாய்த்ததுபோல் நம் வீதிகளின் இசை முழுதுக்கும் வாய்க்கவில்லை. திருவிழாவுக்குச் சென்ற எவரோ ஒருவர் பதிந்துவைத்த நாடாவே பலவேளைகளில் எஞ்சும் சாட்சி. உங்கள் அலுமாரியில் 'மேளம்' என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு கசெற் கிடக்குமாயின், அதனை எறிந்துவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் எண்ணிம வடிவிலே சேர்த்து வருகின்றது. அத்தகையோரிடம் ஒரு பிரதி சேரட்டும்.

இடையிலே சில செய்முறைக் குறிப்புக்கள். பழைய 78 தட்டு அரக்கினாலானது; மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி தரும் அரக்கு அது. மதுசாரம் பட்டால் கரையும். ஆதலின் மருந்துக்கடைத் திரவங்களால் துடைத்தல் ஆகாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது நிமிர்த்தி வைக்கவேண்டும். வெயில் பட்டால் வளையும். கசெற்றின் நாடாவிலே வெண்பூஞ்சை தோன்றினால் அதனைப் பெட்டியிலிட்டு ஓடவிடலாகாது; பூஞ்சை பெட்டிக்கும், அதிலிருந்து மற்ற நாடாக்களுக்கும் பரவும். நம்முடையது போன்ற கடலோர ஊரில் ஈரம் பெரும்பகை. ஒலிபெருக்கியினுள்ளே காந்தம் உண்டு. அதன்மேல் கசெற்றை வைக்காதீர்கள். யார் பாடியது, எங்கே, எந்த ஆண்டு, உடனிருந்தோர் யாவர் என்பனவற்றை ஒரு தாளில் எழுதி உறையினுள் வையுங்கள். அறிந்தவர் இருக்கும்போதே எழுதவேண்டியது அது.

இன்னுமொன்று. கசெற்றை நாடா தெரியும் விளிம்பு கீழே இருக்குமாறு பிடித்தால், மேல்விளிம்பின் இரு மூலைகளிலும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் தெரியும். இடப்புறத்துத் துண்டை ஆணியால் நெம்பி உடைத்துவிட்டால், நம்மை நோக்கியிருக்கும் பக்கத்தின்மேல் எவரும் வேறொன்றைப் பதிய இயலாது. வலப்புறத்தது மறுபக்கத்துக்கு.