பெட்ரோலுக்கு எதற்கு டானிக்?



சனிக்கிழமை காரை சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்தேன். பில் 6,840 ரூபாய். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலி எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: ‘ஃப்யூயல் அடிட்டிவ் - 390’. நான் கேட்கவில்லை, அவர்களும் என்னைக் கேட்கவில்லை. விசாரித்தால், “டேங்க்ல ஊத்திட்டோம் சார், இன்ஜெக்டர் க்ளீன் ஆகும், மைலேஜ் கூடும்” என்கிறார்கள். ஊற்றியதைத் திருப்பி எடுக்கவா முடியும்? கட்டிவிட்டு வந்தேன்.

“390 ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா சித்தப்பா?” என்று அண்ணன் மகன் சிரிக்கிறான். ஆமாம்ப்பா, இவ்வளவு பேச்சுதான். ஒரு நாளைக்கு முப்பது வண்டி வருகிற இடத்தில் அது 390 ரூபாய் இல்லை. கணக்குப் போட்டுப் பார்.

வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் படித்தேன். பிளக் எப்போது, கூலன்ட் எப்போது, பிரேக் ஆயில் எப்போது என்று அட்டவணையே இருக்கிறது. இந்த பாட்டில் அதில் எங்கேயும் இல்லை. வண்டியைச் செய்தவர்களுக்கே தெரியாத தேவை இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

அதற்காக அது வெறும் தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். பாலிஈதர்அமீன் கலந்த நல்ல க்ளீனர் இன்ஜெக்டரில் படிந்த கசடைக் கரைக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஐட்லிங்கில் உதறுகிறது, பிளக்கும் ஏர் ஃபில்டரும் நன்றாகவே இருக்கின்றன என்றால் ஒரு பாட்டில் ஊற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. என் வண்டிக்கு இதில் ஒரு தொந்தரவும் கிடையாது. காய்ச்சலே இல்லாதவனுக்கு எதற்கு மாத்திரை?

சில டர்போ பெட்ரோல் வண்டிகளில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வின் பின்பக்கம் படிகிற கரியை அது தொடுவதே இல்லை. டேங்கில் ஊற்றியது அங்கே எப்படிப் போய்ச் சேரும்? அந்த வண்டிக்காரரிடமும் ‘வால்வ் சுத்தமாகும்’ என்றுதான் விற்கிறார்கள்.

இப்போது எத்தனாலைக் காட்டி வேறு பயமுறுத்துகிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை ஒரு சின்ன பாட்டில் நிரப்பிவிடுமா? துருப்பிடிக்காமல் காக்கும் என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு டேங்குக்கு ஊற்றினால் மற்ற டேங்குகளுக்கு யார் காவல்?

மைலேஜ் கணக்குக்கு வருகிறேன். வருஷத்தில் நான் ஓட்டுவது 3,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 16. சுமார் 190 லிட்டர். போட்ட 390 ரூபாய் திரும்ப வேண்டுமானால் கிட்டத்தட்ட 4 லிட்டர் மிச்சமாக வேண்டும், அதாவது 2 சதவீதம். டயரில் காற்று இறங்கினாலே அந்த அளவு வித்தியாசம் வரலாம். பாட்டிலால்தான் கூடியது என்று யார் கண்டுபிடிப்பது? போன வருஷமும் இதே பாட்டிலை ஊற்றினார்கள். டேங்கை நிரப்பி நிரப்பி நோட்டில் குறித்து வைத்தேன். முன்பும் 16, பின்பும் 16.

இதில் என் மனதை உறுத்தியது வேறு. பில் போட்ட தம்பி ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். வெளியே வந்து மெதுவாகச் சொன்னான்: “மாசத்துக்கு இத்தனை பாட்டில்னு டார்கெட் சார். விக்கலைன்னா இன்சென்டிவ் கட்.” அவன் முகத்தைப் பார்த்தபின் சத்தம் போட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவன் டார்கெட்டை நம் பென்ஷனிலிருந்து முடிக்கச் சொல்வது என்ன நியாயம்? அந்தச் சுமையை அவன் தலையில் வைத்தவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள்.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ‘கேட்காமல் எதுவும் சேர்க்கக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, இதை நீயும் படிப்பாய் என்று தெரியும். கோபம் இல்லை. அடுத்த சர்வீஸுக்கும் உன்னிடம்தான் வருவேன், சொந்தப் பேனாவோடு.