கையே முதல் ஆசான்

மூன்று வயது நிரம்புமுன்பே குழந்தையை வண்டியேற்றி மழலையர் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம், நகரங்களைக் கடந்து சிற்றூர்களிலும் வேரூன்றிவிட்டது. எழுத்தைக் கிறுக்கத் தொடங்கினால் கல்வி தொடங்கிவிட்டது என்றும், கட்டணத்தைச் செலுத்தினால் கடமை முடிந்துவிட்டது என்றும் பெற்றோர் பலர் நம்புகின்றனர். பென்சிலைப் பற்றும் வலுவைக்கூடப் பெறாத விரல்கள் வரிவரியாக ஏட்டை நிரப்புகின்றன. இந்நிலை மாற வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வீடே முதற்பள்ளி. அன்றாட வேலையே முதற்பாடம். இதை நாம் தயக்கமின்றி வலியுறுத்துகிறோம்.

நெய்வேலிக்கு அண்மையிலுள்ள முத்தாண்டிக்குப்பம், செம்மண்ணும் முந்திரித் தோப்பும் பலா மரமும் சூழ்ந்த ஊர். அங்கே ஒரு வாசலில் பலாப்பழம் அரியப்படும்போது, அருகில் குந்தியிருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு வாய்க்கும் பாடங்கள் எத்தனை! கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்வது ஏன் என்று அது கேட்கும். தண்ணீருக்கு மசியாத பலாப்பால் எண்ணெய்க்கு விட்டுக்கொடுப்பதை அதன் விரல்களே கண்டறியும். சுளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பூவிலிருந்து விளைந்தது, விளையாமற்போன பூக்களே சடையாக நிற்கின்றன என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்த பழத்தை அது வேறு கண்ணால் பார்க்கும். கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்தால் எண்ணறிவு வளரும். பெரியவை, சிறியவை என்று பிரித்தால் ஒப்பிடும் திறன் வரும். ஒன்றை மண்ணில் ஊன்றி நாள்தோறும் நீர் வார்த்தால் காத்திருக்கவும் கற்றுக்கொள்ளும். முந்திரியில் கொட்டை வெளியே தொங்குவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, பழமென்று நாம் உண்பது பருத்த காம்பே என்னும் தாவரவியல் உண்மை பின்னாளில் அயலாகத் தோன்றாது.

அடுக்களையும் இத்தகையதே. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று அரிசியை அளந்து பழகிய பிள்ளை, இரட்டித்தலையும் பாதியாக்கலையும் பெயர் தெரியாமலே கற்றுவிடுகிறது.

இது புதிதாய் இறக்குமதியான கொள்கையன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தனர். 1907-இல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். நீர் ஊற்றுவதும் பொத்தான் போடுவதும் தரை துடைப்பதும் அவருடைய பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலில் தங்கி, இயற்கையோடு இயைந்த கல்வியை மேலும் வளர்த்தார். 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே கல்வியின் நடுவில் நிறுத்தியது. நம் நூற்றாண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும் இந்த மரபின் தொடர்ச்சியே.

நெய்வேலியின் வரலாறும் உற்றுநோக்கலின் பெருமையைச் சொல்கிறது. 1930-களில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு வெளிப்பட்ட கரிய பொருளை வெறும் அழுக்கென்று ஒதுக்காமல், இது என்ன என்று ஆராயத் துணிந்தவர் ஜம்புலிங்க முதலியார். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாவதற்கு அந்த வினாவே வித்து. அத்தகைய வினாக்களோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. அவற்றை அடக்காமல் விடை தேட விடுவதே பெற்றோர் கடன்.

எனினும் ஒன்றைக் கண்டிப்புடன் சொல்லியாக வேண்டும். செய்து கற்பது வேறு, குழந்தையை வேலை வாங்குவது வேறு. முந்திரி மண்டலத்தில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களே அதற்குச் சான்று. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், முந்திரிக்கொட்டையைத் தோலுரித்துப் பதப்படுத்துவதைக் குழந்தைகளுக்குத் தடுக்கப்பட்ட பணிகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. கூலிக்காகவோ கணக்குக்காகவோ பிள்ளையின் கை ஓடும் நொடியில் பாடம் செத்துவிடுகிறது. குழந்தை விரும்பியபோது தொடங்கவும் சலித்தபோது எழுந்து போகவும் உரிமையிருந்தால் மட்டுமே அது கல்வி.

வீட்டுக் கல்வியைப் பள்ளிக்கு மாற்றாக்கவும் நாம் சொல்லவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியை உரிமையாக்கியது. தலைமுறைகளாகக் கல்வி மறுக்கப்பட்ட குடும்பங்களுக்கு அந்த வாசல் உயிர்நாடி. அதைச் சாத்தும் எந்த வாதத்துக்கும் நாம் துணைபோக மாட்டோம். நாம் பேசுவது அவ்வாசலுக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றியே.

அந்த ஆண்டுகளின் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் ஏற்றுவதும் அநீதி. விடியுமுன் தோப்புக்குச் செல்லும் பெண்ணிடம் பாடமும் நடத்து என்று யார் சொல்ல முடியும்? சுரங்கத்தில் முறைவேலை பார்த்து வரும் தந்தைக்கும், திண்ணையிலிருக்கும் தாத்தா பாட்டிக்கும் இதில் சம பங்கு உண்டு. வீட்டில் ஆளில்லாத குழந்தைக்கு அங்கன்வாடியே வீடு. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. அவற்றை உணவளிக்கும் இடமாக மட்டும் கருதும் எண்ணத்தை அரசும் ஊரும் கைவிட வேண்டும். பதிவேடுகளில் மூழ்கிக் கிடக்கும் பணியாளருக்குக் குழந்தைகளோடு அமர நேரம் கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை பெற்றோரை அழைத்து, வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே கற்பிக்கும் வழிகளைச் செய்துகாட்ட வேண்டும். விதையும் மணலும் படியும் முறமும் அந்தந்த ஊரிலேயே கிடைக்கும்; அவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளி தேவையில்லை.

பெற்றோருக்கு நம் வேண்டுகோள் இதுவே: நாள்தோறும் அரைமணி நேரம் கைப்பேசியை ஒதுக்கிவைத்து, நீங்கள் செய்யும் வேலையில் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். அது சிந்தினால் சினம் கொள்ளாதீர்கள். கேட்டால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அதனோடு சேர்ந்து தேடுங்கள். எழுத்து உரிய காலத்தில் தானே வரும்.