சிகிச்சை முடிந்தவர்கள் எங்கே கூடுவது?

நம் திரைப்படங்களில் புற்றுநோய் வந்த இளைஞன் நாலு பாட்டுப் பாடிவிட்டு இறந்துபோவான். 1982ஆம் ஆண்டில் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என இரண்டு படங்கள் அவ்விதம் முடிந்தன. அதற்கு இருபதாண்டுகள் முன்பு, 1962இல், ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' நோயாளியைப் பிழைக்க வைத்தது. ஆனால் மருத்துவரைச் சாகடித்தது. பிழைத்தவன் பிறகு எப்படி வேலைக்குத் திரும்பினான், ஓர் இரவு காய்ச்சல் அடித்தபோது என்ன நினைத்தான் என்பவை அக்கதைக்கு வேண்டாதவை. நம் புனைவுலகம் இன்னமும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது.

மருத்துவமோ வெகுதூரம் வந்துவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923இல். அந்தத் துயரத்திலிருந்து எழுந்த அடையாறு மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. நோயாளி உயிரோடு வீடு திரும்புவதே அன்று பெரிய கனவாக இருந்திருக்கும். இன்று ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றும் சிறார்களின் இரத்தப் புற்றும், முழுமையான சிகிச்சை கிடைத்தால், பெரும்பாலும் குணமாகின்றன. வீடு திரும்பியபின் என்ன என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டிய காலம் இது.

பதினெட்டு வயதில் இரத்தப் புற்றுக்குச் சிகிச்சை தொடங்கும் ஒருவனுக்கு அது முடிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் உடன் படித்தவர்கள் பட்டம் வாங்கியிருப்பார்கள். முடி மறுபடி வளர்ந்துவிடும். பார்ப்பவர்கள், "எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?" என்பார்கள். உள்ளே நடப்பது வேறு. ஓய்வெடுத்தாலும் நீங்காத களைப்பு. டாக்சோரூபிசின் வகை மருந்துகள் ஆண்டுகள் கழித்தும் இதயத்தைப் பாதிக்கக்கூடும். சைக்ளோபாஸ்பமைடு போன்றவை பிள்ளைப்பேற்றைக் கெடுக்கக்கூடும். இதையெல்லாம் அம்மாவிடம் கேட்க முடியாது. மருத்துவரிடம் கேட்கலாம், ஆனால் வெளியே நூறு பேர் சீட்டோடு காத்திருக்கிறார்கள்.

இந்த இடைக்காலத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று எழுதியவர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர். தாமே இளவயதில் புற்றுநோய்க்கு ஆளான அவர், 1985இல் ஒரு மருத்துவ இதழில், பிழைத்தலை மூன்று பருவங்களாகப் பிரித்துக் காட்டினார். சிகிச்சை முடிந்து அச்சம் முடியாத காலம் அவற்றுள் நடுப்பருவம். 2006இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறிக்கை 15 முதல் 39 வயது வரையிலானவர்களைத் தனிக் கவனத்துக்குரியவர்களாகக் குறித்தது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிறுவயதில் நோயிலிருந்து மீண்டவர்களுக்கென ஒரு தொடர்கண்காணிப்புப் பிரிவை 1991இலேயே தொடங்கிவிட்டது. 2009இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவில், அப்படி மீண்டவர்களே கூடி 'உகம்' என்ற குழுவை அமைத்தார்கள்.

ஆனால் அது மும்பை. மாநகரத்தில் எவரும் எவருக்கும் அந்நியர். அந்த அந்நியத்தனமே குழுவுக்குப் பாதுகாப்பு. சேலத்திலோ ஆத்தூரிலோ அது வாய்க்காது. "டைபாய்டு முத்திப் போச்சு" என்று உறவினர்களிடம் சொல்லி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பையனுக்கு மட்டுமா, அவன் தங்கைக்கும் வரன் பார்க்க வேண்டும். பெற்றோரை இதற்காகக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. இரகசியம் உடைந்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். இந்நிலையில் விழிப்புணர்வு விழா என்று மேடை போட்டு, 'வென்றவர்கள்' என்று பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தால், வரக்கூடியவர்கள் ஏற்கெனவே துணிந்தவர்கள் மட்டுமே. மறைந்திருக்க வேண்டியவர்களுக்கும் இடம் தருவதே முதல் தேவை என்பது நம் கருத்து.

அதனால்தான் ஏற்காட்டைச் சொல்கிறோம். சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழைகளின் ஊட்டி என்று பெயரெடுத்த ஊர். ஏற்காட்டுக்குப் போய்வந்தேன் என்றால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு நாள் காணாமற்போவதற்கு இதைவிட நல்ல காரணம் சேலம் மாவட்டத்தில் கிடையாது. 1917 முதல் மான்ட்ஃபோர்ட் பள்ளி நடந்துவரும் ஊர். வெளியூர் இளவட்டங்கள் சேர்ந்து தங்குவது அங்கே புதுமையும் இல்லை. (கோடை விழாக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது, அப்போது சொந்தக்காரர்கள் அனைவரும் அங்கேதான் இருப்பார்கள்.) மேட்டில் பாதி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்தால், அந்தக் கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சேர்வராயன் மலையின் சொந்தப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. மலையாளிப் பழங்குடி ஊர் ஒன்றிலிருந்து வரும் பெண்ணுக்கு ஏற்காட்டுக் கடைத்தெருதான் எல்லாரும் அவளை அறிந்த இடம். அவளுக்குச் சேலம்தான் மறைவிடம். எனவே குழு ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே கூட வேண்டும். காப்பீட்டுத் திட்டம் மருந்துச் செலவில் கைகொடுக்கிறது. பேசிவிட்டு வரும் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் அதன் கணக்கில் வராது. அதைத் தர ஊரில் நாலு பேர் இருந்தால் போதும். பெயர் போட்ட பலகை கேட்காத நாலு பேர்.

பெரிய ஏற்பாடு தேவையில்லை. எட்டுப் பத்துப் பேர், சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளான இருவர், புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றிய ஒரு செவிலியர் அல்லது உளவியலாளர். பெற்றோர் வந்தால் அவர்களுக்கு வேறு அறை. முதல் வேலையாக ஒவ்வொருவரும் தம் சிகிச்சைக் கோப்பின் நகலைக் கொண்டுவரட்டும். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில் என்பது கைவசம் இருந்தால்தான் பத்தாண்டு கழித்துப் பார்க்கும் மருத்துவர் இதயப் பரிசோதனை வேண்டுமா என்று முடிவு செய்ய இயலும். வீடு மாறும்போது தொலைவது முதலில் அந்தக் கோப்புதான். திருமணப் பேச்சில் எப்போது, யாரிடம் சொல்வது என்பதைப் பிறகு பேசலாம். அதற்கு ஒரே விடை இருக்கப் போவதில்லை. சொன்னவரும் சொல்லாதவரும் ஒரே அறையில் இருப்பது நல்லது.

இன்னொன்றையும் தள்ளிப்போட முடியாது. இத்தகைய குழுவில் யாருக்கேனும் நோய் திரும்பும். மற்றவர்களின் மன உறுதி கெடும் என்று அதை மறைக்கத் தோன்றும். அப்படி மறைத்தால் அவர்கள் விட்டு வந்த வீடும் இந்தக் குழுவும் ஒன்றாகிவிடும். நோய் திரும்பியவர் தொடர்ந்து வர விரும்பினால் வரலாமா, வர இயலாதபோது யார் போய்ப் பார்ப்பது, அவர் இறந்தால் குடும்பத்தின் இரகசியத்தைக் காத்துக்கொண்டே யார் சாவுக்குப் போவது என்பவற்றை, எல்லாரும் நலமாக இருக்கும் முதல் சந்திப்பிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.