வாங்காதவன் வாய்

“உன்னால வாங்க முடியுமா? முடியாதில்ல? அப்புறம் உனக்கு எதுக்கு இந்த விமர்சனம்?”

சொகுசுக் கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷத்தில் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். 2024 டிசம்பரில் ஜாகுவார் ‘டைப் 00’ என்ற கான்செப்ட் காரைக் காட்டியபோது, அலுவலக கேன்டீனிலும் நண்பர்களின் கல்யாணப் பந்தியிலும் இதை நான் பலமுறை கேட்டேன். சொன்னவர்களும் அந்தக் காரை வாங்கப் போகிறவர்கள் இல்லை என்பதுதான் வேடிக்கை. மாதத் தவணையில் வேகன் ஆர் ஓட்டுகிறவர், மாதத் தவணையில் ஐ20 ஓட்டுகிறவரைப் பார்த்துச் சொல்கிறார்.

இந்த வாதம் தப்பு. சொகுசுப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாதவர்கள் சொல்கிற வாதம் இது. வாங்க முடியாதவனின் கருத்து இல்லாவிட்டால் சொகுசு என்ற ஒன்றே கிடையாது. அதே சமயம் அந்தக் காரைத் திட்டித் தீர்த்தவர்களில் பெரும்பாலானோர், தங்கள் கையில் இருந்த இந்த உரிமையை வீணடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததை வரிசையாகப் பார்த்துவிடலாம். 2024 நவம்பர் நடுவில் ஜாகுவார் புது லோகோவையும் ஒரு விளம்பரத்தையும் வெளியிட்டது. பளீர் நிறத் துணிகளில் மாடல்கள் நடந்து வந்தார்கள். கார் இல்லை. நீங்கள் கார் விற்கிறீர்களா என்று ஈலான் மஸ்க் கேட்டார், உலகமே சிரித்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 2 அன்று, மயாமி கலை வாரத்தில்தான் கார் வந்தது. நீண்ட பானெட், தாழ்ந்த கூரை, 23 இஞ்ச் சக்கரங்கள், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். பின்பக்கக் கண்ணாடி கிடையவே கிடையாது. அந்த வேலையை கேமராக்கள் பார்த்துக்கொள்ளும். உள்ளே நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு பித்தளைத் தண்டு ஓடுகிறது. இரண்டு நிறங்களில் காட்டினார்கள். ஒன்று ‘மயாமி பிங்க்’, இன்னொன்று ‘லண்டன் புளூ’.

கார் மேடைக்கு வரும் முன்பே தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். விளம்பரத்தின் மேல் இருந்த கோபம் அப்படியே வண்டியின் தலையில் இறங்கியது. பார்பி கார் என்றார்கள், ஏ.சி. பெட்டி என்றார்கள். ஆண்மை போச்சு, பாரம்பரியம் போச்சு என்றார்கள். வண்டியின் கோடுகளைப் பார்த்துப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான். 

இந்தக் கூத்தின் உச்சம் 2025இல் வந்தது. அந்த ஏப்ரலில் ஐரோப்பாவில் ஜாகுவார் வெறும் 49 கார்கள்தான் விற்றது, முந்தைய ஆண்டு ஏப்ரலோடு ஒப்பிட்டால் 97 சதவீதம் வீழ்ச்சி என்று செய்தி வந்தது. “பாத்தியா, ரோஸ் கலர் அடிச்சாங்க, கம்பெனி காலி” என்று எல்லோரும் குதித்தார்கள். எக்ஸ்.இ., எக்ஸ்.எஃப்., எஃப்-டைப் ஆகிய பழைய மாடல்களின் உற்பத்தியை 2024லேயே கம்பெனியே திட்டமிட்டு நிறுத்திவிட்டது. டைப் 00இன் வழியில் வரப்போகும் மின்சாரக் கார் அப்போது கடைக்கே வரவில்லை. சரக்கே இல்லாத கடையில் வியாபாரம் படுத்துவிட்டது என்பதுதான் செய்தி. அதை ஒரு டிசைனின் தோல்விக்குச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

இதைப் பார்த்த கார் ரசிகர்களும் டிசைன் அறிஞர்களும் எதிர்முனைக்கு ஓடினார்கள். கும்பலுக்கு என்ன தெரியும், வாங்குகிறவன் முடிவு செய்வான் என்றார்கள். ஜாகுவாரின் படைப்புத் தலைவர் ஜெரி மெக்கவர்னும் எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்ற ஆசை தங்களுக்கு இல்லை என்கிற தொனியில்தான் பேசினார். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கம்பெனியின் முதலாளி யார் என்று யோசித்தால் அந்தக் கம்பீரம் கொஞ்சம் கரைந்துவிடும்.

ஜாகுவாரின் முதலாளி டாடா. 2008 ஜனவரியில் ரத்தன் டாடா டெல்லியில் நானோவை அறிமுகப்படுத்தினார். விலை ஒரு லட்சம் ரூபாய். அதே வருஷம் ஜூனில், 230 கோடி டாலருக்கு ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை டாடா வாங்கி முடித்தது. ஒரே வீட்டுக்குள் ஒரே வருஷத்தில் உலகத்திலேயே மலிவான காரும் வந்தது, மகாராஜா காரும் வந்தது.

நானோ ஏன் தோற்றது? சிங்கூரில் நிலப் பிரச்சினை, சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி என்று காரணங்கள் உண்டு. ஆனால் மலிவான கார் என்று சொல்லி விற்றதே பெரிய தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம்? நானோ வாங்க வசதி இருந்தவன், “நானோவா வாங்கியிருக்கே?” என்று கேட்கப்போகும் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்தான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நானோ வாங்குகிறவன் இல்லை. கம்பெனியின் கணக்கில் அவன் வாடிக்கையாளரே கிடையாது. ஆனாலும் அந்தக் காரைச் சாய்த்ததில் அவன் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே கண்தான் ஜாகுவாரையும் விற்கிறது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவதற்கு மட்டும் யாரும் ஜாகுவார் வாங்குவதில்லை. சிக்னலில் நிற்கும்போது ஷேர் ஆட்டோவில் இருப்பவன் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தத் திரும்பிப் பார்த்தலும் சேர்ந்ததுதான் விலை. வாங்காதவனின் பார்வையைக் காசாக்கிக்கொண்டு, அவன் வாயை மட்டும் மூடச் சொல்வது என்ன நியாயம்?

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இது புதுசில்லை. எங்கள் ஊரே வாங்க முடியாதவர்கள் சொகுசுப் பொருள் செய்கிற ஊர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி தாத்தாவோடு நின்றுபோனது. அப்பா அரசு வேலைக்குப் போனார், நான் இன்ஜினியரிங் படித்துவிட்டு கோட் அடிக்கிறேன். ஆனால் தெருவில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். கல்யாணப் பட்டு நெய்கிற வீட்டுப் பெண்கள் பலர் நைலக்ஸ் கட்டிக்கொண்டு பாவு புணைந்ததைப் பார்த்திருக்கிறேன். புடவையைப் பற்றி அவர்களிடம் போய் “உன்னால வாங்க முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். காந்தி ரோட்டுக் கடையில் லட்ச ரூபாய்ப் புடவையைப் பிரித்துப் போட்டால், வாங்க வந்தவர் பளபளப்பைப் பார்ப்பார். இவர்கள் புடவையைத் திருப்பி, உடலும் கரையும் சேருகிற இடத்தைப் பார்ப்பார்கள்.

அந்தச் சேருமிடம்தான் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓட்டினால் இரண்டு நிறமும் கலங்கிவிடும். அதனால் உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு என்று மூன்று நாடா. ஒவ்வொரு ஊடையையும் கரை நூலோடு கோர்த்து வாங்க வேண்டும். கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். நேரமும் கூலியும் கூடுகிற வேலை. அதனால்தான் கோர்வை போடாமலே கோர்வை போலக் காட்டும் புடவைகள் சந்தையில் வந்திருக்கின்றன. போட்டோவில் இரண்டும் ஒன்றுதான். திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கண் வேறு, காசு வேறு. வைகாசி கருட சேவையில் வரதராஜப் பெருமாளின் சாத்துப்படியைப் பற்றித் தெருவே அபிப்பிராயம் சொல்லும். பூக்கட்டுகிற அம்மா, “இந்த வருஷம் மாலை கனம் ஜாஸ்தி, பதக்கம் மறைஞ்சுபோச்சு” என்பார். அந்தப் பதக்கம் அவருடையதா என்று யாரும் கேட்பதில்லை. அவர் எந்த இடத்தில் என்ன குறை என்று சொல்கிறார். அதுதான் அவருடைய தகுதி.

அந்தக் கண்ணோடு டைப் 00ஐப் பார்ப்போம். ரோஸ் நிறத்தைப் பார்த்து அலறியதை முதலில் தூக்கிப் போடலாம். ரோஸுக்குப் பச்சைக் கரை, அரக்குக்கு மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துக்கு வாடாமல்லி என்று பழகிய ஊர் இது. ஒரு நீலத்துக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரையே வைத்துப் புடவை விற்ற ஊர். எங்களுக்கு நிறம் அதிர்ச்சி தராது. வழவழப்பான அந்தப் பெரிய பக்கவாட்டுப் பரப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைய எஸ்.யு.வி.க்கள் தகர டப்பாவை மிதித்துவிட்ட மாதிரி ஆயிரம் மடிப்போடு வரும்போது, சும்மா இருக்கத் துணிந்த ஒரு பரப்பு அபூர்வம்.

எனக்கு இடிக்கிற இடம் பானெட். ஜாகுவாரின் நீண்ட மூக்குக்கு ஒரு காரணம் இருந்தது. 1961இல் ஜெனீவாவில் காட்டிய இ-டைப்பின் பானெட்டுக்கு அடியில் ஆறு சிலிண்டர் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருந்தது. அந்த உடலை வரைந்த மால்கம் சேயர் விமானத் துறையிலிருந்து வந்தவர், காற்றுக்குக் கணக்குப் போட்டு வளைவுகளை எடுத்தவர். டைப் 00 மின்சாரக் காருக்கான மாதிரி. பேட்டரி தரைக்கு அடியில் போய்விடும், மோட்டார் சின்னது. முன்னால் அவ்வளவு நீள இன்ஜின் எதுவும் இல்லை. ஆனாலும் மூக்கு மட்டும் நீள்கிறது. எதையும் காப்பியடிக்காதே என்பதைக் கோஷமாக வைத்த கம்பெனி தன் தாத்தாவைக் காப்பியடித்திருக்கிறது. கோர்வை போடாமல் கோர்வை போலக் காட்டுகிற புடவைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பின்கண்ணாடியை எடுக்கத் துணிந்தவர்கள் பானெட்டைக் குறைக்கத் துணியவில்லை.

நான் சொல்வது தப்பாக இருக்கலாம் என்று யாராவது வாதாடலாம். வாதாட முடியும் என்பதே முக்கியம். மோதலில் ஆளைக் காப்பாற்ற முன்னால் இடம் வேண்டும் என்று ஒரு இன்ஜினியர் பதில் சொல்லலாம். “கலாசாரம் நாசமாப் போச்சு” என்பவனுக்கு எந்த டிசைனராலும் பதில் சொல்ல முடியாது. அவன் காரைப் பற்றிப் பேசவே இல்லை.

இடம் சுட்டிச் சொன்ன குறை வேலை செய்யும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2001இல் வந்த பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸின் டிக்கி, மேலே தனியாக ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்று உலகமே திட்டியது. டிசைன் தலைவர் கிறிஸ் பேங்கிளை வேலையைவிட்டு அனுப்பச் சொல்லி மனுவே போட்டார்கள். மனு அசிங்கம். ஆனால் டிக்கியைப் பற்றிய குறை துல்லியமானது. கார் நன்றாகவே விற்றது. அப்படியும் 2005இல் வண்டியைப் புதுப்பித்தபோது அந்த டிக்கியை பி.எம்.டபிள்யூ. மென்மையாக்கியது. பேங்கிளை ஒழிக்கச் சொன்ன சத்தத்தால் வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. டிக்கியைச் சுட்டிய விரல் டிக்கியை மாற்றியது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதற்கு மூலமான அட்டோஸின் உயரமான உருவம் இந்தியர்களுக்கு அசிங்கமாகப் பட்டது. முன்னும் பின்னும் திருத்தினார்கள், உயரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. புடவை கட்டிய பாட்டி குனியாமல் ஏறி உட்கார முடிந்தது. கேலி செய்த அதே ஜனம் அந்த உயரத்துக்காகவே சான்ட்ரோவை வாங்கியது. ஜனத்தின் கருத்தில் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்த கம்பெனி பிழைத்தது. வாயை மூடு என்று அது சொல்லவில்லை.

இப்போது இது ஏன் எனக்குப் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில், ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில், 2024 செப்டம்பர் 28 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் டாடா மோட்டார்ஸ், ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு. டாடா குழுமத்தின் தலைவர் என். சந்திரசேகரன் நாமக்கல் மாவட்டத்து மோகனூர்க்காரர். 2025 நவம்பரில் ஜே.எல்.ஆரின் தலைமைக்கு வந்த பி.பி. பாலாஜி சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். டைப் 00 பிறப்பிக்கும் கார் இங்கிலாந்தில்தான் தயாராகப் போகிறது, பனப்பாக்கத்தில் இல்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்து வண்டிகள் எங்கள் பக்கத்துப் பையன்கள், பெண்கள் கையால் பூட்டப்படும் காலம் வந்துவிட்டது. அவர்களில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு “உன்னால வாங்க முடியுமா?” என்ற கேள்வி ரொம்பக் கெட்ட பாடம். நெசவாளிக்கு அதைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தோம். டிசைன் முதலாளியிடமிருந்து வரும், நிறத்தைக் கடைக்காரர் சொல்வார், உனக்குக் கூலி, நெய். கரையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவரை ஒருநாளும் உட்கார வைத்து “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்கவில்லை. கோர்வை தெரியாத கடையும் கோர்வை தெரியாத வாடிக்கையாளரும் சேர்ந்து கோர்வையின் விலையை முடிவு செய்தார்கள். பனப்பாக்கத்திலும் அதேதான் நடக்கும், இந்தக் கேள்வியை நாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டால்.

அதனால் பேசுங்கள். பத்துக் கோடி ரூபாய் காரானாலும் பேசுங்கள். பேசும் முன் நிஜமாகவே பாருங்கள், பக்கவாட்டிலிருந்து, பின்னாலிருந்து, முடிந்தால் கதவைத் திறந்து. நல்லா இல்லை என்று தோன்றினால் எந்த இடம் என்று விரலை வையுங்கள். விரல் வைக்க இடம் கிடைக்கவில்லை என்றால், உங்கள் கோபம் வேறு எதன் மீதோ இருக்கிறது. அதை அங்கே போய்ச் சொல்லுங்கள். விரல் வைத்த பிறகு எவனாவது “உன்னால வாங்க முடியுமா?” என்று கேட்டால், முடியாது என்று சொல்லிவிட்டு விரலை அங்கேயே வைத்திருங்கள்.