இருபது வருடம் காத்திருந்த கண்ணாடி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மவுண்ட் ஹாப்கின்ஸ் என்றொரு மலை. 1968-ல் அதன் மேல் 10 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கிண்ணத்தை நிறுத்தினார்கள். உள்ளே 248 சிறு கண்ணாடிகள். பிடிக்க வேண்டியது விண்ணிலிருந்து வரும் காமா கதிரை. ஆனால், ஒரு காமா கதிர்கூட அந்தக் கண்ணாடியைத் தொடப்போவதில்லை!

ஏனென்றால், நம் தலைக்கு மேலுள்ள காற்று அதைத் தரைக்கு விடாது. (விடாதது நாம் செய்த புண்ணியம்.) கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடப் பல்லாயிரம் கோடி மடங்கு ஆற்றலோடு வரும் காமா கதிர், வெகு உயரத்திலேயே காற்றில் மோதிச் சிதறி, எலெக்ட்ரான், பாசிட்ரான் துகள்களின் மழையாக மாறிவிடுகிறது. அந்தத் துகள்கள் காற்றில் ஒளியையே முந்தி ஓடுகின்றன. வெற்றிடத்தில்தான் ஒளியை யாரும் முந்த முடியாது. காற்றில் ஒளியின் வேகம் ஒரு துளி குறைவு. அப்படி முந்தும்போது மங்கலான நீல ஒளி ஒன்று கிளம்பும். பெயர் செரன்கோவ் ஒளி. ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கு போட்டால், அதில் சில பங்கு நேரம்தான் அதற்கு ஆயுள். தரையில் சுமார் 250 மீட்டர் அகல வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குள் கண்ணாடி இருந்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், காஸ்மிக் கதிர்களும் இதே நீல ஒளியை உண்டாக்கும். அவை காமாவைவிடப் பல நூறு மடங்கு அதிகம். சந்தை இரைச்சலில் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்கிற வேலை. அயர்லாந்தில் பிறந்த ட்ரெவர் வீக்ஸும் குழுவினரும் வருடக்கணக்கில் போராடினார்கள். 1985-ல் இங்கிலாந்தின் மைக்கேல் ஹில்லாஸ் வழி காட்டினார்: காமா தரும் பிம்பம் ஒல்லியான நீள்வட்டம், மற்றதெல்லாம் கலைந்த கோலம். வடிவத்தைப் பார்த்துப் பிரித்ததில், 1989-ல் நண்டு நெபுலா சிக்கியது.

அது நம் பால்வீதிக்குள் இருப்பது. 1992-ல் வந்ததுதான் பெரிய செய்தி. சுமார் 40 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் மார்க்கேரியன் 421 என்ற கேலக்ஸியிலிருந்து காமா கதிர்! அதன் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை பீய்ச்சியடிக்கும் தாரை, ஏறக்குறைய நம்மை நோக்கியே திரும்பியிருக்கிறது. 1996 மே மாதம் அது பொங்கி அடங்கியது, வெறும் அரை மணி நேரத்தில். கேலக்ஸி முழுக்க எரிந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் அடங்காது. கதிர் கிளம்பிய இடம் ஏறக்குறைய நம் சூரியக் குடும்பத்தின் அளவுதான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

இப்போது இந்தியாவிடமும் இந்த வகைத் தொலைநோக்கி உண்டு. லடாக்கின் ஹான்லேயில், 21 மீட்டர் அகலக் கண்ணாடியோடு நிற்கும் மேஸ், 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது.