உழவரின் உள்ளங்கையைப் பார்க்கக் கற்பிக்க வேண்டும்

உழவரின் உள்ளங்கையில் காணும் தடிப்பை உழைப்பின் காய்ப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், நதியா, மால்டா மாவட்டங்களிலும் பீகாரின் போஜ்பூரிலும் அது ஆர்சனிக் நஞ்சின் அடையாளமாக இருக்கக்கூடும். குழாய்க் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தோருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள், மார்பிலும் முதுகிலும் மழைத்துளி போன்ற புள்ளிகள், கவனியாது விட்டால் பின்னாளில் தோல் புற்றுநோய்.

1983இல் கொல்கத்தாவில் மருத்துவர் கே.சி. சாகா இந்நோயாளிகளை அடையாளம் கண்டார். நாற்பதாண்டுகள் கடந்தும் எம்.பி.பி.எஸ். படிப்பில் தோல் மருத்துவம் பொது மருத்துவத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. தோல் நிபுணர்களோ நகரங்களில் குவிந்துள்ளனர். கிராமத்து ஏழையை முதலில் சந்திப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இளம் மருத்துவரே.

இப்பரிசோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பகல் வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். கட்டாய உள்ளுறைப் பயிற்சி ஆண்டிலேயே இதைக் கற்பிக்க வேண்டும். ஆனால், நோயைக் கண்டறிந்துவிட்டு, அதே கிணற்று நீரைக் குடிக்க நோயாளியைத் திருப்பி அனுப்புவது மருத்துவமாகாது. லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்புக்கு உட்பட்ட குடிநீரை ஒவ்வொரு வீட்டுக்கும் வழங்குவது அரசின் கடமை. இவ்விரு கோரிக்கைகளும் பிரிக்க முடியாதவை.