35 ஏக்கர் இருந்தால் பல்கலைக்கழகமாம்! தறிக்காரர் வீட்டுப் பிள்ளை எதை அடகு வைப்பான்?

வாலாஜாபாத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் தொடங்க எத்தனை ஏக்கர் நிலம் வேண்டும்?

2019-ம் ஆண்டு சட்டம் 100 ஏக்கர் என்றது. அதுவும் ஒரே இடத்தில். 2025 அக்டோபரில் சட்டசபையில் நிறைவேறிய திருத்த மசோதா, "அவ்வளவு எதற்கு?" என்று கேட்காத குறைதான். மாநகராட்சி என்றால் 25 ஏக்கர். நகராட்சி, பேரூராட்சி என்றால் 35. மற்ற இடங்களில் 50 போதுமாம்!

வாலாஜாபாத் பேரூராட்சி. ஆக, 35 ஏக்கர். ஒரகடம் ரோட்டில் மனை போட்டு விற்கிற புரோக்கருக்கு இது ஒரு வாரத்து வேலை.

இருக்கிற கல்லூரியையே பல்கலைக்கழகமாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் அதே மசோதா வழி விட்டது. ஆசிரியர் சங்கங்கள் கொதித்து எழுந்தன. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மறு ஆய்வு செய்யப்படும் என்று அரசு அந்த மாதமே பின்வாங்கியது.

அத்தோடு விஷயம் முடிந்ததா? ஏக்கர் கணக்கைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். அந்த ஏக்கருக்குள் உட்கார்ந்து படிக்கிற பையனைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

முன்பணம்

அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் போனால் தெரியும். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்ய தறியில் ஒரு ஆள் போதாது. கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அந்த இன்னொரு கை, சின்னப் பிள்ளையின் கை.

தறி முதலாளியிடம் அப்பா முன்பணம் வாங்குவார். கடன் தீரும்வரை பிள்ளை தறியில் கிடப்பான். 1990-களில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இது ஊருக்கே தெரிந்த சங்கதி. அந்தப் பிள்ளைகளை தறியில் இருந்து தூக்கி பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்க அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் படாத பாடு பட்டார்கள். இன்று அந்த வீடுகளில் இருந்து பி.இ., பி.காம். என்று கிளம்புகிறார்கள். சாதாரண விஷயமா இது?

இரண்டு வாசல்

கல்லூரிக்குள் நுழைய இவர்களுக்கு இரண்டு வாசல் உண்டு.

ஒன்று, அரசு கவுன்சிலிங். அதில் என்ஜினீயரிங் சீட் வாங்கினால் வீட்டில் முதல் பட்டதாரி என்பதற்கு 2010-ல் இருந்து கட்டணச் சலுகை இருக்கிறது. 6-ம் வகுப்பில் இருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு. அதில் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் சர்க்கார் பாடு.

இன்னொன்று, நேரடி அட்மிஷன். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இந்த வாசல்தான். சலுகைக்கு இங்கே வேலையே இல்லை. கட்டணத்தை அவர்களே நிர்ணயிப்பார்கள். பஸ் பீஸ் தனி, பரீட்சை பீஸ் தனி. அம்மா கழுத்தில் இருக்கிற செயின் அடகுக் கடைக்குப் போகும்.

இருக்கிற கல்லூரியெல்லாம் இரண்டாவது வாசலுக்கு மாறினால் முதல் வாசலில் நிற்கிறவன் கதி?

யாரிடம் போய் சொல்வது?

பணம் மட்டுமே தொல்லை என்றால் கூட சமாளித்து விடலாம். பெரிய தொல்லை வேறு.

இன்று இந்தப் பக்கத்து என்ஜினீயரிங் கல்லூரிக்கு மேலே அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. கலைக் கல்லூரிக்கு மேலே சென்னைப் பல்கலைக்கழகம். பரீட்சை அவர்கள் நடத்துவார்கள், பட்டம் அவர்கள் கொடுப்பார்கள். கல்லூரி நிர்வாகத்துக்குப் பிடிக்காத மாணவனும் பரீட்சையில் நன்றாக எழுதினால் பாஸ்தான்.

சின்ன தனியார் பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. பீஸ் வாங்குகிறவரும், ஹாஸ்டல் நடத்துகிறவரும், கேள்வித்தாள் எடுக்கிறவரும், மார்க் போடுகிறவரும், பட்டம் கொடுக்கிறவரும் ஒரே நிர்வாகத்தின் கீழ். மெஸ்ஸில் புழு கிடந்தது என்று சொல்ல வாய் திறக்கிற பையன், இன்டர்னல் மார்க்கை நினைத்து வாயை மூடிக்கொள்கிறான். பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். வீட்டில் சொன்னால், "படிச்சது போதும், வா" என்று விடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு.

பல்கலைக்கழக மானியக் குழு சும்மா இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாணவர் குறை கேட்க ஒரு குறைதீர்ப்பாளரை வைக்க வேண்டும் என்று 2023-ல் விதி போட்டது. ஓய்வு பெற்ற துணைவேந்தரோ, பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ வரலாம். நல்ல விதிதான். ஆனால் அவரை நியமிப்பது யார்? அதே பல்கலைக்கழகம்! அதையும் செய்யாத பல்கலைக்கழகங்களை 2024-ல் பட்டியல் போட்டு வெளியிட வேண்டி வந்தது.

சிதம்பரத்தில் நடந்தது

கூட்டமாக நின்றால்தான் காது கேட்கும் போலிருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் ராஜா அண்ணாமலை செட்டியார் தொடங்கியது. பண நெருக்கடியில் தத்தளித்ததை 2013-ல் அரசு தன் கையில் எடுத்தது. கை மாறியதே தவிர மருத்துவக் கல்லூரிக் கட்டணம் மாறவில்லை. எம்.பி.பி.எஸ். மாணவர் வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் கட்டினார். அரசு மருத்துவக் கல்லூரியிலோ அது 13 ஆயிரத்து சொச்சம்!

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 50 நாளைத் தாண்டியது. 2021 தொடக்கத்தில்தான் கல்லூரியை சுகாதாரத் துறைக்கு மாற்றி, அரசுக் கல்லூரிக் கட்டணமே வாங்க உத்தரவு வந்தது.

அங்கே ஆயிரக்கணக்கில் மாணவர்கள். சாய்ந்துகொள்ள ஒரு சர்க்காரும் இருந்தது. 35 ஏக்கரில் சில நூறு பேர் படிக்கிற இடத்தில், யார் உட்காருவது? உட்கார்ந்தவன் பெயர் மறுநாளே ஆபீஸ் மேஜையில் இருக்கும்.

மசோதா மறுபடி வருமானால் இரண்டு வரி அதில் ஏற வேண்டும். கவுன்சிலிங் சீட்டும் முதல் பட்டதாரி சலுகையும் அங்கேயும் செல்லும் என்பது ஒன்று. குறைதீர்ப்பாளரை நிர்வாகம் அல்ல, அரசே நியமிக்கும் என்பது மற்றொன்று. இந்த இரண்டும் இல்லாமல் 100 ஏக்கர் கொடுத்தாலும் 35 ஏக்கர் கொடுத்தாலும் பிள்ளைக்கு ஒன்றுதான்.

சர்ட்டிபிகேட் ஜாக்கிரதை!

பாதியில் விலகப் பார்க்கும் மாணவனிடம், "முழு பீஸையும் கட்டி விட்டு சர்ட்டிபிகேட்டை எடுத்துப் போ" என்று சொல்லும் இடங்கள் உண்டு. முன்பணத்துக்காக அன்று பிள்ளையைப் பிடித்து வைத்த தறி முதலாளிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-ம் ஆண்டிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. சரிபார்த்து விட்டு கையோடு திருப்பித் தர வேண்டும். அட்மிஷனுக்குப் போகிற அப்பாக்கள் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. அட்டெஸ்ட் செய்த ஜெராக்ஸ் ஒரு செட் கொண்டு போங்கள். ஒரிஜினலை கவுண்டரில் காட்டி விட்டு பையில் போட்டுக்கொண்டே திரும்புங்கள்.